இரண்டு பேர் இருக்கையில் மூன்று பேர்

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில், எங்கள் பள்ளி பஸ் கேன்பெரா சாலையில் புறப்படும். சோங் பாங் கம்பத்துக்குள் (கம்பம் என்றால் மலாயில் கிராமம்) நுழைந்து வெளியேறி, செம்பவாங் சாலையைப் பிடித்து, அப்போது பாதி மட்டுமே கட்டி முடிந்திருந்த ஈசூன் புதுநகரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும். இன்று காரில் போனால் அது ஒரு தூரமே இல்லை. 1980களில் எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஒவ்வொரு முனையிலும் யாராவது ஒரு பிள்ளைக்காக பஸ் நிற்கும். பிள்ளை வராவிட்டால் ஹாரன் அடிக்கும். அதற்கும் வராவிட்டால் ஓட்டுநரின் மனைவி இறங்கிப் போய்க் கையோடு அழைத்து வருவார்.

பள்ளி நாட்களைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர்கள், பிரம்பு, உணவகத்து மீ கோரெங், தேசிய தினக் கொண்டாட்டம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பஸ்ஸை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது, திரும்பக் கொண்டுவந்து விட்டது, அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் பேசக் கற்றது வீட்டில். படிக்கவும் எழுதவும் கற்றது வகுப்பில். தமிழில் சண்டை போடவும், கதை கட்டவும், சமாதானம் ஆகவும், ரகசியம் காக்கவும் கற்றது அந்த பஸ்ஸில்தான். பெரியவர்கள் யாரும் திருத்தாத, மதிப்பெண் போடாத தமிழ் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

நான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தது 1983இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியாக இருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டது. என் அம்மா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். வீட்டிலிருந்து நடந்தே போய் நடந்தே வருவார். தாத்தா பிரிட்டிஷ் காலத்தில் நேவல் பேஸ் என்ற கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1968இல் அந்தக் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறிய பிறகு, அப்பா அதில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்களுடைய உலகம் முழுவதும் நடக்கும் தூரத்துக்குள் இருந்தது: பட்டறை, கோயில், கடை, பள்ளி எல்லாமே. என் தலைமுறையில்தான் பள்ளி தள்ளிப்போனது. ஆங்கில வழிப் பள்ளி, கலவையான வகுப்பு, தமிழுக்கு நாளில் சிறிது நேரம். வகுப்பில் நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இருவரோ மூவரோதான். தமிழ்ப் பாடத்துக்கு மணி அடித்ததும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவோம்.

பஸ்ஸில் நிலைமை வேறு. கேன்பெரா சாலையிலும் கம்பத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக இருந்ததால், பஸ்ஸின் பின்பக்கம் முழுவதும் எங்கள் ராஜ்யம்.

இருக்கைகள் பழுப்பு நிற ரெக்சின் போட்டவை. வெயிலில் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கம் சுரீர் என்று சுடும். இரண்டு பெரியவர்கள் உட்காரும் இருக்கையில் பிள்ளைகள் மூவர் உட்காரலாம் என்பது அப்போதைய விதி. ஜன்னலோரம் ஒருவர், நடைபாதையோரம் ஒருவர், நடுவில் மூன்றாமவர். நடுவில் இருப்பவர் மடியில்தான் மூவரின் பைகளும் அடுக்கப்படும். குளிர்சாதனம் கிடையாது. ஜன்னல் கண்ணாடியை இழுத்துத் திறந்தால் டீசல் வாடையும், மழை பெய்திருந்தால் ஈர மண் வாடையும் சேர்ந்தே வரும்.

முதல் நாள் அம்மா என்னை ஏற்றிவிட்டபோது பின்னிருக்கையில் இருந்த ஒரு அக்காவைக் காட்டி, “அக்கா பக்கத்திலேயே உட்கார். அக்கா இறங்கும்போது இறங்கு” என்றார். அந்த அக்கா அப்போது தொடக்கநிலை மூன்றில் படித்தார். எட்டு வயதைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் என் கண்ணுக்கு அவர் முழுப் பெரியவர். என் தண்ணீர்ப் புட்டியின் மூடியை இறுக்கினார், காலணிக் கயிற்றைக் கட்டினார், பஸ் எண் எழுதிய அட்டை பையில் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்தார். “உன் வகுப்பறையை மறந்துவிட்டால் உணவகத்தில் நில், நான் வந்து தேடுவேன்” என்று சொல்லிவைத்தார். யாரும் அவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. என் அம்மாவுக்கு அவரை அதற்குமுன் தெரியாது. தமிழ்ப் பிள்ளை, வயதில் மூத்தவள் என்ற இரண்டு தகுதிகளே போதுமாக இருந்தன.

ஓட்டுநர் தியோச்சியூ பேசும் சீனர். அவர் மனைவி கதவோரச் சிறு இருக்கையில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடுவார். அவர்களுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. என் பாட்டிக்கும் வராது. ஆனால் காலையில் இருவரும் பேசிக்கொள்ளாத நாள் இல்லை. “சுடா மக்கான்?” (சாப்பிட்டாயிற்றா?) என்று பாட்டி கேட்பார். “பெலும், பெலும்” (இன்னும் இல்லை) என்று ஓட்டுநரின் மனைவி சிரிப்பார். மழை, விலைவாசி, மூட்டு வலி எல்லாமே சந்தை மலாயில் ஓடும். பஸ்ஸுக்குள் சத்தம் கூடினால் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தபடியே “ஜாங்கான் பீசிங்!” (சத்தம் போடாதே!) என்பார். எந்த இனத்துப் பிள்ளையாக இருந்தாலும் அதற்கு அடங்கிவிடும். ஈசூன் முனையில் ஏறும் மலாய்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஓட்டுநரின் உச்சரிப்பு சிரிப்பைத் தரும். அடக்க முடியாமல் குனிந்துகொள்வார்கள். இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் மிச்சமிருக்கும் அந்த மலாயைக் கேட்டால் எனக்கு அந்தக் கதவோர இருக்கைதான் நினைவுக்கு வருகிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பின்னிருக்கைத் தமிழ் வீடுகளிலிருந்தெல்லாம் முறுக்குப் பொட்டலங்கள் முன்னிருக்கைக்குப் போகும். சீனப் புத்தாண்டு வந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி ஆரஞ்சுப் பழம் திரும்பி வரும். ஒற்றைப்படையில் கொடுக்கக்கூடாது என்று ஓட்டுநரின் மனைவி எண்ணிப் பார்த்துக் கொடுப்பார்.

அந்தக் காலத்து இரட்டை வேளைப் பள்ளிகளைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் காலைப் பள்ளி ஒன்று, பிற்பகல் பள்ளி ஒன்று. காலையில் வந்தவர்கள் மதியம் போவார்கள், மதியம் வந்தவர்கள் மாலையில் போவார்கள். ஒரே மேசை, ஒரே நாற்காலி, இரண்டு பிள்ளைகள். எங்கள் பள்ளியில் மேல்வகுப்புகள் காலையிலும் கீழ்வகுப்புகள் பிற்பகலிலும் நடந்தன. 2016 வாக்கில்தான் தொடக்கப்பள்ளிகள் முழுமையாக ஒருவேளைப் பள்ளிகளாயின.

இதனால் பஸ்ஸுக்கும் ஓய்வு கிடையாது. விடியுமுன் காலைப் பிள்ளைகள், பிறகு தொழிற்சாலைப் பெண்கள், மதியம் பிற்பகல் பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வாசலில் காலைப் பிள்ளைகளை ஏற்றுவது, மறுபடியும் தொழிற்சாலை, மாலையில் மறுபடியும் நாங்கள். ஓட்டுநர் மதியச் சாப்பாட்டைத் திசைமாற்றிச் சக்கரத்தின் மேலேயே வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பஸ் சொந்தமானது, கடனும் சொந்தமானது, ஒருநாள் ஓடாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று அப்பாவிடம் அவர் சொன்னதை, வளர்ந்த பிறகு அப்பா எனக்குச் சொன்னார்.

நான் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அக்கா நான்காம் வகுப்புக்குப் போனார். அவருக்குக் காலை, எனக்குப் பிற்பகல். பஸ் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான். ஆனால் சேர்ந்து உட்கார முடியாது. மதியம் நாங்கள் இறங்கும் சமயத்தில் அவர் வரிசையில் நிற்பார். கையசைக்கத்தான் நேரம் இருக்கும். அப்போதுதான் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைசிக்கு முந்தைய வரிசையில் ஜன்னலோர இருக்கையின் ரெக்சின் ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே பஞ்சு. அதற்குள் மடித்த தாள் ஒன்றைச் செருகிவைத்துவிட்டு, மறுநாள் கையசைக்கும்போது கண்ணால் ஜாடை காட்டினார்.

தாளில் தமிழில் எழுதியிருந்தார். மற்ற பிள்ளைகள் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாது என்பதுதான் காரணம். “பாப்பா, உன் வகுப்பு ஆசிரியர் நல்லவரா? மதியம் சாப்பிட்டாயா?” என்று தொடங்கும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பாடநூலில் மரமும் மாடும் அணிலும் வரும். இதில் நான் வந்தேன். என் பெயர், என் சாப்பாடு, என் சளி. பாடநூலுக்கு வெளியே என்னைக் கேள்வி கேட்ட முதல் தமிழ் எழுத்து அதுதான். பதில் எழுத வேண்டுமே என்ற அவசரத்தில் நான் எழுதக் கற்றுக்கொண்ட சொற்கள் ஏராளம். மதியம் போகும்போது நான் வைப்பேன், சற்று நேரத்தில் அதே பஸ்ஸில் ஏறி அவர் எடுப்பார், வீடு சேருமுன் பதில் எழுதிவைப்பார், மாலையில் எனக்குக் கிடைக்கும். இடையில் எத்தனையோ தொழிற்சாலைப் பெண்கள் அந்த இருக்கையில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். ஒரு தாள்கூடத் தொலைந்ததாக நினைவில்லை. கடிதத்தோடு சில நாட்கள் நாட்டுக் கொடி அச்சடித்த ரப்பர் வரும், சில நாட்கள் தாள் கூம்பின் அடியில் மிஞ்சிய கச்சாங் பூத்தே கடலை வரும். எட்டாம் ஒளிவழியில் தமிழ்ப் படம் போட்ட மறுநாள் கடிதம் நீளமாக இருக்கும். நான் பாதியில் தூங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் விட்ட இடத்திலிருந்து கதையை எழுதிவிடுவார்.

இன்று தமிழ்மொழிக் கற்பித்தலைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கேட்கிறேன். உழைப்போடும் அக்கறையோடும் பேசுகிறார்கள், அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தமிழில் எழுத ஒரு காரணம் கிடைத்தால் அதற்கு ஈடான பாடத்திட்டம் கிடையாது என்றே நம்புகிறேன்.

நான்காம் வகுப்பில் நானும் காலைப் பள்ளிக்கு மாறினேன். அக்காவுக்கு அது தொடக்கநிலை ஆறு. மறுபடியும் ஒரே இருக்கை. இப்போது இருட்டும் சேர்ந்துகொண்டது.

அந்த இருட்டுக்குக் காரணம் கடிகாரம். 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் பதினொன்றரை மணி ஆனபோது, சிங்கப்பூரின் கடிகாரங்கள் நேராக நள்ளிரவுக்குத் தாவின. மலேசியா தன் மேற்குப் பகுதியின் நேரத்தைச் சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கியது, நாமும் கூடவே மாறினோம். அதற்குமுன் ஆறரை மணிவாக்கில் எழுந்த சூரியன் பிறகு ஏழு மணிவாக்கில் எழுந்தது. இன்றும் அப்படித்தான். “எங்கள் காலத்தில் பள்ளிக்குக் கிளம்பும்போது வானம் வெளுத்திருக்கும்” என்று அம்மா என் தலையைப் பின்னிவிடும்போது சொல்வார். நானோ கும்மிருட்டில் வெள்ளைக் கான்வாஸ் காலணியைத் தடவிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். கம்பத்துச் சாலையில் விளக்குகள் குறைவு. தூரத்தில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் தெரிந்தால் பஸ்.

இருட்டில் ஓடும் பஸ்ஸில் பிள்ளைகளுக்குப் பேய்க்கதையைவிட வேறென்ன வேண்டும்? மலாய்ப் பிள்ளைகள் வாழைமரத்துப் பொந்தியானாக்கைக் கொண்டுவருவார்கள். சீனப் பிள்ளைகள் ஏழாம் மாதத்தில் திறந்துவிடப்படும் பசித்த ஆவிகளைக் கொண்டுவருவார்கள். எங்கள் பங்குக்கு முனி, சுருட்டு வாடையோடு. நேவல் பேஸின் பழைய பங்களாக்களைக் கடக்கும்போது பஸ் முழுவதும் ஒரு கணம் அடங்கும். அங்கே பூட்ஸ் காலோடு நடப்பவர் வெள்ளைக்காரச் சிப்பாயா, ஜப்பானியச் சிப்பாயா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, நடக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கதை பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் நடக்கும். பயம் முற்றினால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு “இது உண்மையா?” என்று தமிழில் கேட்பேன். “பொந்தியானாக்குக்குத் தமிழ் தெரியாது, நாம் பேசினால் புரியாமல் போய்விடும்” என்பார் அவர். எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆண்டின் நடுப்பகுதியில் சில நாட்கள் சுமத்ரா காற்று விடியற்காலையில் வந்து அடிக்கும். ஜன்னல்களை மூடினாலும் இடுக்குகளில் நீர் வரும். கம்பத்துப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டிவரை சேற்றோடு ஏறுவார்கள். ஓட்டுநரின் மனைவி கதவருகே வாளியில் தண்ணீரும் துணியும் வைத்திருப்பார். கால் கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவார். வெள்ளைக் காலணியில் கறை இருந்தால் பள்ளியில் திட்டு விழும் என்பது அவருக்குத் தெரியும். கறைபட்ட இடத்தில் தடவ வெள்ளைச் சாக்குக் கட்டி ஒன்றைக்கூட அவர் பையில் வைத்திருந்தார். இதற்கெல்லாம் மாதக் கட்டணத்தில் இடம் கிடையாது.

பங்குனி உத்திரம் வந்தால் பின்னிருக்கைகள் பாதி காலியாகிவிடும். நேவல் பேஸ் தொழிலாளர்கள் எழுப்பிய புனித மரம் பால சுப்பிரமணியர் ஆலயம் அப்போது கேன்பெரா சாலைப் பக்கம்தான் இருந்தது. மறுநாள் நெற்றியில் திருநீறோடு திரும்பும் எங்களிடம், அலகு குத்தினால் வலிக்காதா என்று சீனப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். எங்களுக்கே தெரியாத பதில்களை நாங்கள் மிகுந்த உறுதியோடு சொல்வோம்.

ஒவ்வொரு ஜனவரியும் பஸ்ஸின் வழி மாறியதை அப்போது விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். கம்பத்து முனையில் ஏறுபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். ஈசூன் புளோக்குகளின் கீழே ஏறுபவர்கள் கூடினார்கள். அதே பிள்ளைகள்தான். சென்ற ஆண்டு தகரக் கூரைக்கு முன்னால் நின்றவன் இந்த ஆண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காய்ந்த காலணியோடு நிற்பான். மின்தூக்கியைப் பற்றிப் பேசுவான், எந்த மாடி என்று சொல்லிக்கொள்வான், கோழியை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவான். அக்காவின் வீடும் மாறியது, எங்கள் வீடும் மாறியது. ஒரு கம்பம் கலைவதைப் பற்றி நகரத் திட்ட வரைபடங்கள் சொல்லக்கூடும். யார் வீடு எந்த ஆண்டு எந்த புளோக்குக்குப் போனது என்பதை வரிசை பிசகாமல் அறிந்திருந்தவர் எங்கள் பஸ் ஓட்டுநர். தெருவுக்குத் தெரு விசாரித்து, பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, எல்லாரையும் ஒரே பஸ்ஸில் வைத்திருந்தார். அக்கம்பக்கத்தார் பிரிந்த பிறகும் பின்னிருக்கை மட்டும் சில ஆண்டுகள் சோங் பாங்காகவே இருந்தது அவரால்தான்.

நான் ஆறாம் வகுப்பை முடித்த 1988 டிசம்பரில் ஈசூனுக்கு எம்ஆர்டி வந்தது. உயர்நிலைப்பள்ளிக்கு ரயிலில் போனேன். அடுத்த ஆண்டு பழைய கம்பத்தில் மிச்சமிருந்தவையும் இடிபட்டன. 1989இல் வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் வந்தது. எந்த புளோக்கிலும் ஓரினத்தார் மட்டும் நிறைந்துவிடக்கூடாது என்ற அதன் நோக்கம் எனக்கு ஏற்புடையதே. கலந்து வாழ்வதை நான் அந்த பஸ்ஸில் கற்றவள். ஆனால் சிதறி வாழும் சிறு சமூகத்தின் பிள்ளைகள் தங்களுக்குள் சந்திக்கவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

இப்போது நாங்கள் செங்காங்கில் இருக்கிறோம். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. தமிழ் உள்ள, சற்றுத் தள்ளியுள்ள பள்ளியில் மகளைச் சேர்த்தோம். தொடக்கநிலை ஒன்றில் இடம் ஒதுக்கும்போது ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், அங்குள்ள பிள்ளைகளில் பலர் நடந்தே வருகிறார்கள். பஸ் தேவைப்படுபவர்கள் குறைவு. மகள் போவது சிறிய வாகனம். குளிர்சாதனம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இருக்கை, இருக்கை வார். சிறிய பள்ளி வாகனங்களில் முன்னோக்கிய இருக்கைகளும் வாரும் 2011க்குள் கட்டாயமாகிவிட்டன. அவற்றில் மூவர் நெருக்கி உட்காரும் வழக்கம் அதோடு போனது. போனதில் எனக்கு வருத்தமில்லை. வண்டி திடீரென்று நிற்கும்போது முன்கம்பியில் மோதிப் பல் உடைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாரைப் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்துத்தான் அவளை அனுப்புகிறேன்.

அந்த வாகனத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருவர். மகளும், பெற்றோர் திருச்சியிலிருந்து வந்த ஒரு பையனும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். அந்த எண்ணைப் படித்தபோது ஏற்படாத கலக்கம், முதல் வாரம் மகள் வந்து “பஸ்ஸில் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம்” என்று சொன்னபோது ஏற்பட்டது. ஆனால் பிள்ளைகளை அவசரப்படுத்தக்கூடாது. இரண்டாம் தவணையில் ஒருநாள், ஓட்டுநருக்குப் புரியாமல் பேச ஒரு மொழி தங்களிடம் இருப்பதை இருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வரும் சண்டைகள் தமிழில் வருகின்றன. யார் ஜன்னலோரம் உட்கார்வது, யார் பொய் சொன்னது, யாரோடு இனிமேல் பேசக்கூடாது என்று எல்லாம் நல்ல தமிழில்.

இந்த ஆண்டு பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பஸ் நடத்துபவர் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. வேறு யாரும் கிடைக்கவில்லை. எங்கள் பள்ளி மட்டும் இப்படி இல்லை, வேறு பல தொடக்கப்பள்ளிகளிலும் இதே நிலைமைதான். ஓட்டுநர்கள் மூப்படைந்துவிட்டார்கள், இளையவர்கள் வரவில்லை. காலையில் இரண்டு மணி நேரமும் மதியம் இரண்டு மணி நேரமும் மட்டும் வேலை, நடுவில் வருமானம் இல்லை. அந்தக் காலத்தில் நடுவேளையைத் தொழிற்சாலைகள் நிரப்பின. மகளின் ஓட்டுநர் அறுபதைத் தாண்டியவர். அவரிடம் பேசினேன். பள்ளி ஒப்பந்தம் வேண்டாம், ஆனால் போதுமான பிள்ளைகள் இருந்தால் பெற்றோர்களோடு நேரடியாகப் பேசி ஓட்டத் தயார் என்றார். மகன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான், முடிந்தவரை நான் ஓட்டுவேன் என்றும் சொன்னார்.

அதனால் எங்கள் புளோக்கிலும் அடுத்தடுத்த புளோக்குகளிலும் கதவு தட்டிக்கொண்டிருக்கிறேன். சீனக் குடும்பங்கள் சில உடனே சேர்ந்துவிட்டன. ஒரு மலாய்க் குடும்பம் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தது. திருச்சிக் குடும்பம் காரில் கொண்டுபோய் விடுவதாக முதலில் முடிவு செய்திருந்தது. அந்தப் பையனின் அம்மாவிடம் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து இந்தக் கதைகளைச் சொன்னேன், கிழிந்த ரெக்சின் உட்பட. யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர் மறுநாள் காலையிலேயே பணத்தோடு வந்தார். கட்டணம் கட்டுப்படியாக இன்னும் சில பிள்ளைகள் தேவை. ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் சேர்த்துவிட வேண்டும்.